சிக்னல் இல்லாத இடத்தில் எல்லை அளக்க: வடிவியல் நூலகத்தை உலாவிக்குள் கொண்டுவரும் வழிகள்

நிலத்தின் எல்லையை நடந்து அளப்பவர் ஒவ்வொரு மூலையிலும் நின்று கைபேசியில் ஒரு புள்ளியைப் பதிகிறார். இரண்டு புள்ளிகள் வரிசை மாறிவிட்டால், பலகோணம் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு, நடுவில் முறுக்கிய நாடாவைப் போலக் கிடக்கும். அது தவறு என்பதை அவர் அங்கே நிற்கும்போதே சொல்ல வேண்டும். சிக்னல் கிடைத்த பிறகு சர்வர் சொன்னால், மறுநாள் அதே வழியைத் திரும்ப நடக்க வேண்டியதுதான்.

நான் எழுதிவரும் செயலிக்கு இதுதான் அடிப்படைத் தேவை. சர்வரில் ஜாவா மொழியில் ஜேடிஎஸ் என்ற வடிவியல் நூலகம் ஓடுகிறது. பலகோணம் சரியானதா, பரப்பு எவ்வளவு, பக்கத்து நிலத்தோடு மேற்படிகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் அங்கேதான் கிடைத்துவந்தது. அந்தப் பதில்கள் இனி உலாவிக்குள், இணைப்பு இல்லாமலேயே கிடைக்க வேண்டும். எந்த வழியில் கொண்டுவருவது என்று முடிவெடுக்க, ஒவ்வொன்றையும் சிறிய அளவிலாவது செய்து பார்த்தேன்.

முதலில் எழும் ஆசை, "நூலகம் எதற்கு, நாமே எழுதிவிடலாமே" என்பது. பரப்புக்கான சூத்திரம் பள்ளிப் பாடம்தான்: அடுத்தடுத்த புள்ளிகளின் ஆயத்தொலைவுகளைக் குறுக்காகப் பெருக்கி, கழித்து, கூட்டி, பாதியாக்க வேண்டும். (0,0), (10,10), (10,0), (0,10) என்ற நான்கு புள்ளிகளை அதே வரிசையில் கொடுத்துப் பாருங்கள். விடை சுழியம். உண்மையில் அங்கே இருப்பவை (5,5) என்ற புள்ளியில் தொட்டுக்கொள்ளும் இரண்டு முக்கோணங்கள். ஒவ்வொன்றின் பரப்பும் 25. ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் போவதால் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. சுழியம் வந்தால் கண்ணில் பட்டுவிடும். ஒரு முக்கோணம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால், நம்பத்தகுந்த ஒரு தவறான எண் வரும். அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஜேடிஎஸ் நிரலைத் திறந்து பார்த்தால், அதே சூத்திரத்தை அது வேறு விதமாக எழுதியிருக்கிறது. முதல் புள்ளியின் கிடை ஆயத்தொலைவை எல்லாப் புள்ளிகளிலிருந்தும் கழித்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறது. லட்சக்கணக்கான மீட்டர் தொலைவில் இருக்கும் ஒரு சிறு நிலத்துக்குப் பெரிய எண்களைப் பெருக்கிக் கழித்தால், மிதவைப்புள்ளி எண்ணின் இலக்கங்கள் வீணாகும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. நூலகம் என்பது இப்படிப்பட்ட அறிவின் சேமிப்பு. அதை வேறு மொழிக்கு, வேறு இடத்துக்குப் பெயர்க்கும்போது வரிகளோடு அந்த அறிவும் வந்து சேர்கிறதா என்பதுதான் என் கவலை.

ஆஃப்லைன் செயலியில் இந்தக் கவலை இரட்டிப்பாகிறது. சர்வரில் ஒரு தவறு இருந்தால் இன்று மாலையே திருத்திவிடலாம். கைபேசிக்குள் இறங்கிவிட்ட தவறு, அந்தக் கைபேசி மறுபடி இணைப்புக்கு வரும்வரை உயிரோடு இருக்கும். அதுவரை பதிவாகும் அளவுகள் எல்லாவற்றிலும் கலந்துவிடும். அதனால் எந்த வழி எளிது என்று நான் கேட்கவில்லை. மூலத்தோடு ஒத்துப்போகிறது என்று எந்த வழியில் நிரூபிக்க முடியும் என்று கேட்டேன்.

எதையும் பெயர்க்காமல் இருப்பதும் ஒரு வழி

புள்ளிகளை உலாவிக்குள்ளேயே இருக்கும் இன்டெக்ஸ்ட்டிபி என்ற தரவுத்தளத்தில் சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் சர்வருக்கு அனுப்பிப் பதில் வாங்குவது. பல செயலிகளுக்கு இதுவே போதும். போதும் என்றால் இங்கேயே நின்றுவிடுவது நல்லது. பின்னணியில் தானாக அனுப்பும் வசதி குரோமில் 2016 முதல் இருக்கிறது என்றாலும், அதை எல்லா உலாவிகளும் ஏற்கவில்லை. ஆகவே, செயலியைத் திறக்கும்போதெல்லாம் அனுப்பாதவை ஏதும் இருக்கின்றனவா என்று நாமே பார்த்து அனுப்புவதுதான் நம்பகமானது.

என் மூன்று கேள்விகளில் ஒன்று இந்த வழிக்குப் பொருந்தியது. பக்கத்து நிலத்தோடு மேற்படிகிறதா என்பதற்குப் பக்கத்து நிலத்தின் தரவும் வேண்டும். அது பெரும்பாலும் சர்வரில்தான் இருக்கிறது. அதைக் களத்திலேயே சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று பயன்படுத்துபவர்களே சொன்னார்கள். பெயர்க்க வேண்டிய வேலை அங்கேயே பாதியாகக் குறைந்தது. எந்தப் பதில் களத்தில் தேவை, எது காத்திருக்கலாம் என்று பட்டியல் போடுவதற்கு முன்பு நூலகத்தைத் தொடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

கையால் பெயர்ப்பது

வரிக்கு வரி படித்து ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவது. கோப்பு சிறியதாக இருக்கும், எங்கும் ஓடும், பிழை வந்தால் தேடுவது எளிது. ஆனால் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருப்பதே இங்கே பெரிய பொறி.

எனக்கு நேர்ந்த இரண்டைச் சொல்கிறேன். வரிசைப்படுத்திய பட்டியலில் நடு உறுப்பை எடுக்க, கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கும் ஒரு வரி இருந்தது. ஜாவாவில் அவை முழு எண்கள். 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3. ஜாவாஸ்கிரிப்டில் 3.5. பட்டியலின் 3.5-ஆவது உறுப்பைக் கேட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது; "வரையறுக்கப்படாதது" என்ற மதிப்பு அமைதியாகத் திரும்பி வரும். எல்லைகளின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாக அமைந்த சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன. ஒற்றைப்படையாக அமைந்த ஒரு தரவு வந்தபோதுதான் நிரல் இடறியது.

இன்னொன்று, அதைவிட ஆழமானது. சாவியைக் கொடுத்து மதிப்பைத் தேடி எடுக்கும் ஜாவாவின் ஹேஷ்மேப்பில் ஒரு புள்ளியைச் சாவியாக வைத்தால், அதே ஆயத்தொலைவுகள் கொண்ட வேறொரு புள்ளியைக் கொடுத்தும் தேடி எடுக்கலாம்; இரண்டும் சமம் என்று அந்த வகுப்பே சொல்லிவைத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் மேப் அப்படிப் பார்ப்பதில்லை. நினைவகத்தில் அதே பொருள்தானா என்று மட்டுமே பார்க்கும். ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகள் அதற்கு இரண்டு சாவிகள். கோடுகள் சந்திக்கும் முனைகளை எண்ணும் நிரலில் இது நுழைந்துவிட்டால், சந்திக்கும் கோடுகள் சந்திக்காதவைபோல் தோன்றும். முறுக்கிக்கொண்ட பலகோணத்தைச் சரியானது என்று சொல்லிவிடும். நான் எதைத் தடுக்க இந்த வேலையில் இறங்கினேனோ, அதையே அனுமதிக்கும் பிழை.

இதைச் சொன்னதும் கையால் பெயர்ப்பதே தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று புள்ளிகள் வலப்புறம் திரும்புகின்றனவா, இடப்புறமா என்று தவறாமல் சொல்லும் கணக்கை ஜொனாதன் ஷ்யூசுக் 1990-களில் சி மொழியில் எழுதினார். அது ரோபஸ்ட் பிரெடிகேட்ஸ் என்ற பெயரில் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்திருக்கிறது, அருமையான பெயர்ப்பு. அந்த முறை, ஒவ்வொரு கூட்டலும் பெருக்கலும் ஐஇஇஇ 754 என்ற மிதவைப்புள்ளி எண் தரத்தின்படி துல்லியமாக முழுமைப்படுத்தப்படும் என்பதை நம்பியிருக்கிறது. பழைய இன்டெல் சில்லுகளின் 80 பிட் பதிவேடுகள் சி நிரலில் அந்த நம்பிக்கையைக் குலைக்கும். ஜாவாஸ்கிரிப்டிலோ எண் என்றாலே 64 பிட் மிதவைப்புள்ளி எண்தான், அந்தத் தொல்லை இல்லை. சிறியது, கணித ரீதியாக முடிந்துபோனது, இனி மாறப்போவதில்லை: கையால் பெயர்க்க ஏற்ற நிரலின் இலக்கணம் இதுதான்.

மாறிக்கொண்டே இருக்கும் நூலகத்துக்குக் கதை வேறு. வரைபட ஆயத்தொலைவுகளை ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றும் ப்ரோஜ் நூலகத்துக்கு ப்ரோஜ்4ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வடிவம் உண்டு. பல ஆண்டுகளாக எண்ணற்ற வரைபடங்களைத் தாங்கி நிற்கிறது. ஆனால் மூலம் 2019-இல் வந்த 6-ஆம் பதிப்பில் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு வேறு பாதையில் போய்விட்டது. பெயர்ப்பு பழைய சூத்திரங்களின் அருகிலேயே நிற்கிறது. பெயர்த்தவர்களின் குறை அல்ல இது. மூலத்தில் ஒரு குழு வேகமாக நகர்ந்தால், கையால் பெயர்ப்பவர்கள் எவ்வளவு உழைத்தாலும் பின்தங்கத்தான் செய்வார்கள்.

இயந்திரத்தை விட்டுப் பெயர்ப்பது

ஜேடிஎஸ்ஸின் வரலாறே பெயர்ப்புகளின் வரலாறு. கனடாவில் மார்ட்டின் டேவிஸ் முன்னின்று உருவாக்கிய ஜாவா நூலகம் அது. வரைபடத் தரவுத்தளமான போஸ்ட்ஜிஐஎஸ்ஸுக்காக அது சி++ மொழிக்குப் பெயர்க்கப்பட்டு ஜியோஸ் ஆனது. ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்தது ஜேஎஸ்டிஎஸ்.

ஜேஎஸ்டிஎஸ் செய்த வேலை என்னைக் கவர்ந்தது. ஜாவா நிரலின் இலக்கண மரத்தை, அதாவது நிரலின் அமைப்பைக் காட்டும் கிளை வடிவத்தை எடுத்து, அதை ஜாவாஸ்கிரிப்டின் இலக்கண மரமாக ஒரு கருவியே மாற்றுகிறது. கோப்புகளைப் படித்து எழுதும் பகுதிகள் மட்டும் கையால் எழுதப்பட்டவை. ஒரே பெயரில் வெவ்வேறு உள்ளீடுகளோடு பல செயல்கள் இருப்பது ஜாவாவில் வழக்கம்; ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு இடமில்லை. ஆகவே, மாற்றப்பட்ட நிரல் உள்ளீடுகளின் எண்ணிக்கையையும் வகையையும் பார்த்துக் கிளை பிரிகிறது. படிக்க அழகாக இருக்காது. ஆனால் மூலத்தில் ஒரு வகுப்பு எங்கே இருக்கிறதோ, இங்கேயும் அதே பெயரில் அதே இடத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிடலாம். வகுத்தலைத் தவறவிட்ட என்னைப்போல் ஒரு கருவி தவறவிடாது. தவறவிட்டால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தவறவிடும், அதனால் முதல் நாளே தெரிந்துவிடும்.

குறை என்றால், கருவி கடைசியாக எந்தப் பதிப்பின்மீது ஓடியதோ, அந்தப் பதிப்போடு நீங்கள் நிற்கிறீர்கள். அதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

வெப்அசெம்பிளி

ஜியோஸ் சி++ மொழியில் இருப்பதால், எம்ஸ்கிரிப்டன் என்ற கருவி கொண்டு அப்படியே வெப்அசெம்பிளியாக, அதாவது உலாவி நேரடியாக ஓட்டக்கூடிய இருமக் குறியீடாக மாற்றலாம். பெயர்ப்பு என்ற சொல்லே இங்கே பொருந்தாது. அதே நிரல், வேறு இலக்கு. 2017-இல் முக்கிய உலாவிகள் நான்கிலும் வந்து, 2019 டிசம்பரில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரமானது வெப்அசெம்பிளி. வேகத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய தரவுகளில் இதற்கு ஈடு கிடையாது.

நான் தடுக்கி விழுந்த இடம் எதிர்பாராதது. ஜியோஸ் ஏதாவது சிக்கலான வடிவத்தைச் சந்தித்தால் டோபாலஜி எக்ஸப்ஷன் என்ற விதிவிலக்கை (வேலையை இடையில் நிறுத்தும் பிழை அறிவிப்பை) எறியும். நூலகத்தின் உள்ளேயே அதைப் பிடித்து, பயன்படுத்துபவருக்கு ஒழுங்கான பிழையாகக் கொடுக்கும். எம்ஸ்கிரிப்டனோ வழக்கமான அமைப்பில் சி++ விதிவிலக்குகளைப் பிடிப்பதை அணைத்தே வைத்திருக்கிறது. வேகத்துக்காகவும் அளவுக்காகவும் செய்த ஏற்பாடு அது. நல்ல பலகோணங்கள் எல்லாவற்றுக்கும் சரியாக விடை வந்தது. ஒரு கெட்ட பலகோணத்தைக் கொடுத்ததும், "இது தவறு" என்று சொல்ல வேண்டிய நிரல் மொத்தமாக நின்றுபோனது. நிரலைக் கட்டும்போது அதற்கான கொடியை (கட்டளை விருப்பத்தை) சேர்த்தால் தீர்ந்துவிடும். கோப்பு கொஞ்சம் பெருக்கும். தெரிந்திருந்தால் ஐந்து நிமிட வேலை; எனக்கு ஒரு நாள் போனது.

நினைவகமும் நம் பொறுப்பு. ஜியோஸ் உருவாக்கும் ஒவ்வொரு வடிவத்தையும் வேலை முடிந்ததும் நாமே அழிக்கச் சொல்ல வேண்டும்; ஜாவாஸ்கிரிப்டின் குப்பை சேகரிப்பு அந்தப் பக்கம் எட்டாது. வெப்அசெம்பிளியின் நினைவகம் வளரும், சுருங்காது. நாள் முழுவதும் திறந்தே இருக்கும் களச் செயலியில் ஒரு சிறு கசிவும் மாலைக்குள் பெரிதாகிவிடும். கைபேசி அந்தத் தாவலை மூடிவிடும்.

இன்னொரு நுட்பமான விஷயம். 2020-இல் ஜேடிஎஸ் 1.18 பதிப்பில் ஓவர்லேஎன்ஜி என்ற புதிய, உறுதியான மேற்படிவுக் கணக்கு வந்தது. ஜேடிஎஸ்ஸில் அதைக் கேட்டு இயக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஜியோஸ் 3.9-இல் அதுவே இயல்பானது. ஆகவே, சர்வரில் ஜேடிஎஸ், கைபேசியில் ஜியோஸ் என்று வைத்தால், இரண்டும் சரியாகவே இருந்தும், வெட்டும் புள்ளிகளின் கடைசி இலக்கங்களிலும் வரிசையிலும் விடைகள் மாறலாம். ஒரே குடும்பம் என்பதால் ஒரே விடை என்று எண்ணிவிடக் கூடாது.

பைத்தானையே உலாவிக்குள் ஓட்டும் பையோடைடு பற்றியும் கேட்டார்கள். ஜியோஸைப் பைத்தானுக்குத் தரும் ஷேப்லி நூலகம் அதில் ஓடுகிறது. மூன்று கேள்விகளுக்காக ஒரு மொழியின் இயக்கியையும் நம்பை என்ற எண்கணித நூலகத்தையும் கைபேசியில் இறக்க என் மனம் ஒப்பவில்லை. ஏற்கெனவே பைத்தானில் எழுதிய ஆய்வு நிரல்கள் நிறைய இருந்து, மடிக்கணினியில் பயன்படுத்துவதானால் தயங்காமல் எடுக்கலாம்.

இறக்கி வைத்தது அங்கேயே இருக்குமா

எந்த வழியானாலும், உலாவியின் பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் என்ற நிரல்தான் கோப்புகளைக் காக்கிறது. அதற்கு நிறுவும்போது ஒரு பட்டியல் கொடுக்கிறோம். பட்டியலில் ஒரே ஒரு கோப்பு கிடைக்காமல் 404 ஆனாலும் நிறுவல் முழுவதும் தோற்றுவிடும். இது நல்ல குணம். பாதி வந்து பாதி வராமல் இருப்பதுதான் ஆபத்து. வெப்அசெம்பிளியில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்: வெப்அசெம்பிளியை ஜாவாஸ்கிரிப்டோடு சேர்க்கும் இணைப்பு நிரலும் வெப்அசெம்பிளிக் கோப்பும் ஜோடி. தேவைப்படும்போது ஒவ்வொன்றாகச் சேமிக்கும்படி எழுதியிருந்தால், புதிய இணைப்பு நிரலும் பழைய வெப்அசெம்பிளிக் கோப்பும் ஒரே கைபேசியில் சேர்ந்துவிடக்கூடும். இணைக்க முடியாமல் செயலி திறக்கவே திறக்காது, அதுவும் சிக்னல் இல்லாத இடத்தில். பதிப்பு எண்ணைச் சேமிப்பகத்தின் பெயரிலேயே வைத்து, ஜோடியாகவே இறக்குங்கள்.

எல்லாம் இறங்கி முடிந்த பிறகுதான் "இனி இணைப்பு இல்லாமலும் ஓடும்" என்ற பச்சைப் பட்டையைக் காட்டுகிறேன். அந்தப் பட்டையைப் பார்க்காமல் யாரும் கிளம்புவதில்லை.

பயனர் பதிந்த புள்ளிகள் இன்னும் முக்கியம். சஃபாரி 2020 முதல், ஏழு நாள் பயன்படுத்தாத தளத்தின் நிரல் எழுதிய சேமிப்பை அழித்துவிடுகிறது. முகப்புத் திரையில் சேர்த்த செயலிக்கு அந்த விதி இல்லை. எனவே முகப்பில் சேர்க்கச் சொல்வதை ஒரு அலங்காரமாக நினைக்க வேண்டாம். நிலையான சேமிப்பைக் கேட்கும் வசதியையும் முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

உரிமத்தில் ஒரு வரி மட்டும்: சர்வரில் ஓடும்வரை நூலகத்தை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள், உலாவிக்கு அனுப்பும் நொடியில் விநியோகிக்கிறீர்கள். ஜியோஸ் எல்ஜிபிஎல் 2.1 என்ற திறமூல உரிமத்தில் இருக்கிறது. பயனர் அதை மாற்றி இணைத்துக்கொள்ள வழி விட வேண்டும் என்பதால், உங்கள் சொந்த நிரலோடு கலக்காமல் தனிக் கோப்பாக வைப்பது நல்லது. ஜேடிஎஸ், ஜேஎஸ்டிஎஸ் இரண்டுக்கும் கட்டுப்பாடு குறைந்த பிஎஸ்டி பாணி உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் வழியும் உண்டு.

நான் எடுத்த முடிவு

ஜேஎஸ்டிஎஸ். சரியான பலகோணமா என்பதும் பரப்பும் அதிலிருந்து வருகின்றன. மேற்படிவு சர்வரிலேயே இருக்கிறது. சர்வரிலும் அதே ஜாவா மரபு ஓடுவதால், இரண்டு விடைகளையும் நேருக்கு நேர் நிறுத்த முடிகிறது. என்னை இந்தப் பக்கம் சாய்த்தது அந்த ஒன்றுதான்.

நிறுத்திப் பார்க்கும் முறை இது. ஜேடிஎஸ் தன் சோதனைகளில் பலவற்றை எக்ஸ்எம்எல் கோப்புகளாக வைத்திருக்கிறது. ஜியோஸும் அவற்றையே பயன்படுத்துகிறது. மொழி எதுவானாலும் அவற்றை ஓட்டலாம். அவற்றோடு, களத்திலிருந்து வந்த உண்மையான பலகோணங்களையும் சேர்த்தேன், கெட்டவற்றை முக்கியமாக. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு ஜாவா ஒரு பக்கமும் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு பக்கமும் ஓடி, விடைகள் ஒப்பிடப்படுகின்றன. எண்களை எழுத்தாக ஒப்பிட்டு ஒரு முறை ஏமாந்தேன்: 19-ஆம் பதிப்புக்கு (ஜேடிகே 19) முந்தைய ஜாவா சில எண்களைத் தேவைக்கு மேல் ஓர் இலக்கம் கூட்டி அச்சிடும். எண் ஒன்றுதான், எழுத்து வேறு. எண்ணாக மாற்றியே ஒப்பிடுங்கள். கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் வரை கடைசி பிட் வரை ஒத்துப்போக வேண்டும் என்று கண்டிப்பாக இருக்கலாம். சைன், கொசைன் வந்துவிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் தரமே துல்லியத்தை இயக்கிகளிடம் விட்டுவிடுகிறது, அங்கே மட்டும் ஒரு சிறு இடைவெளியை அனுமதிக்க வேண்டும்.

உங்கள் சர்வரில் ஜாவாவுக்குப் பதில் போஸ்ட்ஜிஐஎஸ் இருக்கிறதென்றால், இதே காரணத்தால் நான் எதிர்ப்பக்கம் போயிருப்பேன். போஸ்ட்ஜிஐஎஸ் உள்ளே ஓடுவது ஜியோஸ். சர்வரில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ, அதே பதிப்பை எடுத்து, விதிவிலக்குக் கொடியைப் போட்டு, வெப்அசெம்பிளியாகக் கட்டிக் கைபேசிக்கு அனுப்புங்கள். சர்வரில் பதிப்பை உயர்த்தும் நாளில் கைபேசிக்கும் புதிதாகக் கட்டி அனுப்புங்கள். அதுவரை இரண்டையும் தொடாதீர்கள்.